பாதிக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாமா?

"அதான் அமெரிக்காக்காரன் எப்பவோ போய்ப் படம் பிடிச்சுட்டானே, அப்புறம் எதுக்கு இந்தியாவும் போகணும்?"

இஸ்ரோ எந்தத் திட்டத்தை அறிவித்தாலும் டீக்கடையில் கேட்கும் கேள்வி இது. 2024 செப்டம்பரில் வெள்ளி கிரகத்தைச் சுற்றிவரும் கலத்துக்கு மத்திய அமைச்சரவை 1236 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதற்கும் இதே கேள்விதான். கேட்க சிக்கனமாகத் தெரியும். உண்மையில் இது சோம்பேறித்தனம்!

'போய்ப் பார்த்தாச்சு' என்ற வாதம் எவ்வளவு ஓட்டை என்பதற்குப் புதன் கிரகத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாரினர் 10 என்ற அமெரிக்கக் கலம் 1974 மார்ச், 1974 செப்டம்பர், 1975 மார்ச் என மூன்று முறை புதனை உரசிக்கொண்டு பறந்தது. மூன்று முறை போனதே, முழுசாகப் பார்த்திருக்கும் என்றுதானே தோன்றும்? இல்லை. கிடைத்தது சுமார் 45 சதவீதம்தான்!

காரணம் எளிய கணக்கு. அந்தக் கலம் 176 நாளுக்கு ஒருமுறை புதனிடம் திரும்பி வந்தது. அதே 176 நாளில் புதன் சூரியனை இரண்டு முறை சுற்றி, தன்னைத்தானே சரியாக மூன்று முறை சுற்றி முடித்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் வெயில் பட்டது அதே பக்கம். மறுபக்கம் ஒவ்வொரு முறையும் இருட்டில்.

மதுரைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், அழகர்கோவில் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியே அழகர்மலையைப் பார்க்கிற மாதிரி. மூன்று முறை போனாலும் தெரிவது மலையின் தெற்கு முகம்தான். நத்தம் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்த ஜன்னல் சொல்லாது. அதை வைத்து மலைக்கே வரைபடம் போட்டேன் என்றால் ஊர் சிரிக்காதா?

புதனில் அந்த நிலைமை 33 வருடம் நீடித்தது. கலோரிஸ் என்ற மாபெரும் பள்ளத்தின் கிழக்குப் பாதியை மட்டும் பார்த்து, அதன் விட்டம் 1300 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். 2008 ஜனவரியில் மெசெஞ்சர் கலம் பறந்து போய் மிச்சப் பாதியைப் பார்த்த பிறகு, அது சுமார் 1550 கிலோமீட்டர் என்று ஆனது. மதுரைக்கும் கோவைக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிய பிழை!

சரி, பார்க்காத பாதியில்தான் தப்பு, பார்த்த பாதியாவது சரியா? அங்கேதான் சுவாரசியம். திருவாரூரில் பிறந்த தியாகராஜரின் பெயரில் புதனில் ஒரு பள்ளம் உண்டு. 1976ல் வைத்த பெயர். அதாவது மாரினர் 'பார்த்துவிட்ட' பக்கம். அதன் தரையில் வெளிச்சமான திட்டுகள் இருப்பது தெரிந்ததே தவிர, அவை என்னவென்று தெரியவில்லை. 2011ல் மெசெஞ்சர் சுற்றுப்பாதையில் நுழைந்து நெருங்கிப் படம் எடுத்த பிறகுதான், தரை அரித்துப்போனது போன்ற விசித்திரமான குழிகள் அவை என்பது வெளிவந்தது. அதற்குள் மெசெஞ்சரின் மூன்று கடந்துசெல்லல்களையும் சேர்த்து 98 சதவீதப் பரப்பு படத்தில் வந்தாகிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடந்துசெல்லும் பயணம் வீண் என்பதல்ல வாதம். புதனுக்குக் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்ததே மாரினர்தான். எரிபொருளும் செலவும் குறைவு. ஆனால் அது அறிமுகம்தான், கணக்கு முடிப்பு அல்ல. கடையை ஒருமுறை எட்டிப் பார்த்த ஆடிட்டர், ஸ்டாக் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் அவர் லைசென்ஸ் என்ன ஆகும்?

வெள்ளிக்கும் இதே நியாயம்தான். 1990 முதல் 1994 வரை மெகல்லன் கலம் ரேடார் மூலம் அதன் 98 சதவீதத்தைப் படமாக்கியது. 'முடிஞ்ச கதை' என்றவர்களுக்கு 2023ல் பதில் வந்தது. 1991ல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டபோது, ஓர் எரிமலை வாயின் வடிவமே மாறியிருந்தது தெரிந்தது. இரண்டாம் படம் இல்லையென்றால் அந்த எரிமலை இன்றும் செத்த எரிமலைதான்!

எனவே 1236 கோடி அதிகமா குறைவா என்று தாராளமாகச் சண்டை போடலாம், அது நியாயமான சண்டை. ஆனால் 'ஏற்கெனவே பார்த்தாச்சு' என்பதை மட்டும் காரணமாகக் கொண்டுவர வேண்டாம். அந்தக் காரணம் புதனின் இருட்டுப் பக்கத்தில் 33 வருடம் கிடந்து தோற்றுப்போனது.