சிகிச்சைக்கு முன் சோதனை



முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்றதும் கீமோதெரபிதான் என்று பல குடும்பங்கள் இன்றும் நம்புகின்றன. 2016இல் வெளியான கீநோட்-024 ஆய்வு கீமோவை முதலில் தரும் வழக்கத்தை மாற்றியது. அதில் பங்கேற்ற 305 பேருக்கும் பிடி-எல்1 புரதம் புற்றணுக்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது. ஒரு பாதியினருக்கு கீமோவும், மறுபாதியினருக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் முதல் சிகிச்சையாகத் தரப்பட்டன. ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள், இம்யூனோதெரபி பிரிவில் சுமார் 32 சதவீதம். கீமோ பிரிவில் 16 சதவீதம்.

ஆனால் இம்யூனோதெரபி எல்லோருக்கும் ஏற்றதல்ல. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அதற்கென உள்ள மாத்திரைகளே முதல் தேர்வு. இந்தியாவில், குறிப்பாகப் புகைபிடிக்காத நோயாளிகளிடம், இஜிஎஃப்ஆர் மாற்றம் கணிசமாகக் காணப்படுகிறது.

எனவே பயாப்சி முடிந்த கையோடு பிடி-எல்1, இஜிஎஃப்ஆர், ஏஎல்கே ஆகிய மூன்று சோதனைகளையும் செய்து, நோயாளியின் நிலை இடம்கொடுத்தால், அவற்றின் முடிவு வந்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பது நல்லது. குடும்பத்தினர் தயங்காமல் மருத்துவரிடம் இவை பற்றிக் கேட்க வேண்டும். மருந்தின் விலை லட்சங்களில் இருப்பதால், சோதனையும் மருந்தும் ஏழை நோயாளிகளுக்கும் எட்டும்படி செய்வது அரசின் கடமை.

– வாசகர், திருச்சி