சோடியத்துக்குக் கீழே யார்?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். தேர்வு வந்துவிட்டால் போதும், மொட்டை மாடியில் நடந்துகொண்டே சத்தமாக ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவான். "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்..." என்று இருபது தனிமங்களையும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பான். ஒருநாள் அவனை நிறுத்தி, "தனிம வரிசை அட்டவணையில் சோடியத்துக்குக் கீழே யார்?" என்று கேட்டேன். "மக்னீசியம்!" என்றான் பட்டென்று.

தவறு! மக்னீசியம் சோடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே இருப்பது பொட்டாசியம். பாவம், அவன் மேல் குற்றமில்லை. அவன் மனதில் இருப்பது அட்டவணையே அல்ல. ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பெயர்கள், அவ்வளவுதான்.

பெயர்களை மனப்பாடம் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு போல அதுவும் உதவும். ஆனால் பக்கவாட்டில் மட்டும் படித்துவிட்டு, மேலிருந்து கீழாகப் படிக்காமல் விட்டால், அட்டவணையின் பாதி உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். அதிலும் சுவையான பாதி!

அட்டவணையைத் தந்தவர் டிமிட்ரி மெண்டலீவ். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்தார். 1869ஆம் ஆண்டில் மொத்தம் 63 தனிமங்கள்தான் தெரிந்திருந்தன. அவற்றை எடைப்படி அடுக்கி, ஒரே மாதிரி குணமுள்ளவை ஒரே குடும்பமாகச் சேரும்படி அமைத்தார். சில இடங்களில் பொருத்தமான தனிமம் கிடைக்கவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அடுத்த பெயரை இழுத்து அங்கே நிரப்பியிருப்போம். அவரோ இடத்தைக் காலியாக விட்டார். "இங்கே வரவேண்டிய தனிமத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை" என்று தைரியமாகச் சொன்னார்.

அதோடு விட்டாரா? அலுமினியத்துக்கு அடுத்து வரவேண்டிய காலி இடத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயரும் வைத்தார். ஆமாம், வடமொழியில் ஒன்று என்று பொருள்படும் அதே 'ஏக'தான்! அது தண்ணீரைப்போல சுமார் 5.9 மடங்கு அடர்த்தி உள்ளதாக இருக்கும் என்று 1871இல் எழுதி வைத்தார்.

1875இல் பிரான்சு நாட்டு அறிஞர் லெகாக் டி புவாபோட்ரான் புதிய உலோகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் காலியம். உள்ளங்கையில் வைத்தாலே உருகிவிடும் விசித்திர உலோகம். அதன் அடர்த்தியை அளந்தார், 4.7 வந்தது. மெண்டலீவ் விடவில்லை. "5.9 வரவேண்டுமே, மறுபடி அளந்து பாருங்கள்" என்றார். உலோகத்தை இன்னும் நன்றாகச் சுத்தப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது! கையில் வைத்திருந்தவரின் கணக்குத் தப்பு, கண்ணால்கூடப் பார்க்காதவர் சொன்னது சரி. (மெண்டலீவும் எல்லாவற்றிலும் ஜெயித்துவிடவில்லை. ஹைட்ரஜனைவிட லேசான தனிமம்கூட இருக்கும் என்றார். அப்படி எதுவும் இல்லை.)

ஏன் ஒரே குடும்பத்துக்கு ஒரே குணம்? அது மெண்டலீவுக்கே அப்போது தெரியாது. எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897இல்தான். அணுவின் நடுவே உட்கருவும், அதைச் சுற்றிக் கூடுகளில் எலெக்ட்ரான்களும் இருக்கின்றன. சோடியத்தின் 11 எலெக்ட்ரான்களும் 2, 8, 1 என்று அமர்ந்திருக்கும். பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1. கடைசிக் கூட்டைப் பாருங்கள், இரண்டிலும் ஒன்று! வேதிவினையில் வேலை செய்வது அந்தக் கடைசிக் கூடுதான். அதனால்தான் இரண்டும் ஒரே குடும்பம். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிப் பாயும். பொட்டாசியத்தைப் போட்டால்? அதன் கடைசி எலெக்ட்ரான் உட்கருவிலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் இன்னும் சுலபமாகக் கழன்றுவிடும். ஆகவே இன்னும் மூர்க்கமாக எரியும். பார்க்காமலே சொல்லிவிட்டோம் பார்த்தீர்களா? (நீங்கள் போட்டுப் பார்க்கவே கூடாது!)

பக்கவாட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. சோடியத்துக்கு 11 எலெக்ட்ரான், குளோரினுக்கு 17. எந்த அணு பெரியது? குளோரின் என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? இல்லை, குளோரின் அணு ஏறக்குறைய சோடியத்தின் பாதி அகலம்தான்! இரண்டுக்கும் கூடுகள் மூன்றுதான். ஆனால் குளோரினின் உட்கருவில் 17 புரோட்டான்கள் இருந்துகொண்டு எலெக்ட்ரான்களை உள்பக்கம் பலமாக இழுக்கின்றன.

அந்த இழுப்பு குளோரினுக்கு வேறு வகையிலும் உதவுகிறது. அதன் அமைப்பு 2, 8, 7. எட்டாக இன்னும் ஒன்று வேண்டும். சோடியமோ ஒன்றைக் கொடுத்துவிட்டால் நிம்மதி. ஒன்று கொடுக்க, மற்றது வாங்க, பிணைப்பு உண்டாகிறது. சீறும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்து அம்மா ரசத்தில் போடும் உப்பு! மக்னீசியத்தின் அமைப்பு 2, 8, 2. அதற்கு எத்தனை குளோரின் வேண்டும்? இரண்டு. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே எழுதிவிடலாம் அல்லவா? தேர்விலும் இது மதிப்பெண் தரும். ஒப்பிக்கும்போது ஒரு பெயர் மறந்தால் அடுத்ததும் வராது. காரணம் தெரிந்தால், மறந்ததை நீங்களே திரும்பக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை 18 துண்டுகளாக வெட்டுங்கள். ஹைட்ரஜன் முதல் ஆர்கான் வரை ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தின் பெயரையும், அதன் கூடுகளில் உள்ள எலெக்ட்ரான் எண்ணிக்கையையும் எழுதுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, புதிய கூடு ஆரம்பிக்கும்போதெல்லாம் புதிய வரிசை தொடங்கி அடுக்குங்கள். கடைசிக் கூட்டில் ஒரே எண்ணிக்கை உள்ளவை ஒன்றின் கீழ் ஒன்று வரவேண்டும்.

இரண்டு அட்டைகள் கண்டிப்பாகச் சண்டை போடும். ஹீலியத்துக்குக் கடைசிக் கூட்டில் 2 எலெக்ட்ரான். அப்படியானால் அது பெரிலியத்தின் மேலே உட்காருமா? ஆனால் அதன் கூடு நிரம்பிவிட்டதே, நியானைப் போல! ஹைட்ரஜன் இன்னும் மோசம். அதற்கு ஒரு எலெக்ட்ரான் இருப்பதால் லித்தியத்தின் மேலே வரலாம். கூடு நிரம்ப ஒன்றுதான் குறைவு என்பதால் ஃபுளோரினின் மேலேயும் வரலாம். பெரிய வேதியியல் அறிஞர்களே இதைப் பற்றி வாதாடி இருக்கிறார்கள். நீங்கள் எங்கே வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்று திங்கட்கிழமை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அட்டைகளைக் கொடுத்து மூன்று நாளாகிறது. ஹைட்ரஜன் இன்னும் அவன் கையிலேயே இருக்கிறது!