மூக்கடைப்புக்கு மின்காந்தப் பெட்டியாம்!

பல வருஷமாக மூக்கடைப்பாலும் தலைபாரத்தாலும் அவதிப்படுகிறீர்களா? முகத்தில் ஒரு கருவியை வைத்துக்கொண்டால் போதுமாம். அதிலிருந்து கிளம்பும் மின்காந்த அலை எலும்பைத் துளைத்துச் சென்று, வீக்கத்தை வற்ற வைத்து, சைனஸ் நோயை வேரோடு பிடுங்கி விடுமாம். மருந்தும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். பணம் மட்டும் வேண்டும்! கையில் இல்லாவிட்டால் தவணையில் கட்டலாமாம். இந்தச் சரக்கை விற்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: ஆதாரம் எங்கே?

நோய் என்னவென்று முதலில் பார்ப்போம். மூக்கின் இருபுறமும், நெற்றியிலும், கண்களுக்கு நடுவிலும் எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் சளியை நுண்ணிய மயிரிழைகள் சிறு வாசல் வழியாக வெளியே தள்ளுகின்றன. உட்சவ்வு வீங்கினால் வாசல் அடைபடும், சளி தேங்கும். 12 வாரங்களுக்கு மேல் இது நீடித்தால் நாள்பட்ட அழற்சி என்கிறார்கள் டாக்டர்கள். ஒவ்வாமை, மூக்கில் வளரும் சதை, சொத்தைப் பல், புகை, தூசு என்று காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பஞ்சாலையிலும் கல் குவாரியிலும் தூசைச் சுவாசிக்கும் தொழிலாளியையும், விறகடுப்பின் முன் வேகும் தாய்மாரையும் இந்நோய் எளிதில் விடுவதில்லை.

“எனக்குக் குணமாயிற்று” என்று சாட்சி சொல்ல ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. இந்த நோய் ஏறும், இறங்கும். தாங்க முடியாத நிலையில்தான் மனிதன் கருவியை வாங்குகிறான். அது தானே தணிந்ததும் பெருமை கருவிக்குப் போகிறது! இதைப் பிரித்தறிய வழி உண்டு. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அலை வரும் கருவி. மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள, அலை வராத கருவி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியக்கூடாது. இப்படிப் பெரிய அளவில் பல இடங்களில் சோதித்து வென்ற பிறகல்லவா கடைக்கு வரவேண்டும்?

“மின்காந்தம் விஞ்ஞானம் இல்லையா?” என்று மடக்குவார்கள். விஞ்ஞானம்தான். கூடாத எலும்பு முறிவுக்கு மின்காந்தத் துடிப்புச் சிகிச்சையை அமெரிக்க அரசு 1979-ல் அனுமதித்தது. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டலை 2008-ல் அனுமதித்தது. ஆனால் எலும்புக்கு வாங்கிய சான்றிதழை மூக்குக்குக் காட்டுவது என்ன நியாயம்?

“சோவியத் ஆஸ்பத்திரிகளிலேயே சைனஸுக்கு உயர் அதிர்வெண் மின்புலச் சிகிச்சை கொடுத்தார்களே!” என்று நமக்கே பாடம் சொல்வோரும் உண்டு. கொடுத்தார்கள், அங்கே நோயாளி அதற்காகக் கடன்படவில்லை. ஆனாலும் எந்த நாட்டின் முத்திரையும் சோதனைக்கு ஈடாகாது. நம்முடைய அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றே.

காந்த வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். ‘ஜப்பான் லைஃப்’ என்ற கம்பெனி, காந்தம் பதித்த அங்கிகளையும் பெல்ட்டுகளையும் லட்சக்கணக்கான யென் விலைக்கு முதியவர்களின் தலையில் கட்டியது. வாங்கிய பொருளை வாடகைக்கு விட்டு லாபம் தருவதாக ஆசை காட்டியது. 2015-ல் பிரதமர் அபேயின் செர்ரி மலர் விருந்துக்கு அதன் தலைவருக்கு அழைப்பு வந்தது. அந்த அழைப்பையே காட்டி ஆள் பிடித்தது. 2018-ல் கம்பெனி திவால்! சுமார் 10,000 பேரின் சேமிப்பு போயிற்று. 2020-ல்தான் தலைவர் கைதானார். அந்த விருந்து விவகாரத்தை 2019-ல் அம்பலப்படுத்தியது ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அகாஹட்டா’ பத்திரிகை என்பதை நம் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சோதித்துத் தேறிய சிகிச்சை இல்லாமலா இருக்கிறது? ஐரோப்பிய நிபுணர்கள் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதலில் சொல்வது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும்தான். கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். இவற்றுக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன் உண்டு. கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடும் காய்ச்சல் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பெட்டியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

மந்திரத் தாயத்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்தது. பிளக் மாட்டிய தாயத்தை யார் தடுப்பது? 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. சட்டப் புத்தகத்தில் இருப்பது கடைத்தெருவுக்கு வரவேண்டாமா?

ஆதாரம் காட்டாத கருவிக்கு விளம்பரமும் விற்பனையும் கூடாது! ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் காது-மூக்கு-தொண்டை டாக்டரும் மருந்தும் வேண்டும்! மில்லிலும் குவாரியிலும் தூசை உறிஞ்சும் இயந்திரத்தை முதலாளி தன் செலவில் வைக்க வேண்டும்! தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டும். தூசைத் தின்னக் கொடுப்பவன் ஒருவன், அதற்குக் காந்தம் விற்பவன் இன்னொருவன். இருவருக்கும் நம் கூலியே இரையாவதை இனியும் பொறுப்பதற்கில்லை.