சோறும் சுவடியும்

"உங்கள் நாட்டிலே நல்ல சாப்பாடு எந்த ஊரில் கிடைக்கும்?" என்று கொரியர் ஒருவரைக் கேட்டால், அவர் தலைநகராகிய சியோலில் வாழ்பவராயினும், தென்கோடித் துறைமுகமாகிய பூசானில் வாழ்பவராயினும், பெரும்பாலும் "ஜொன்ஜு" என்றே விடை பகர்வார். நாம் மூவரைக் கேட்டோம். மூவரும் அவ்வாறே கூறினர். நான்காவதாக எம் தமக்கையின் மகனைக் கேட்டோம். அவன் அந்நகரிலிருந்து அரைமணி நேரப் பஸ் பயணத் தூரத்திலுள்ள தொழிற்சாலையொன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கின்றான்.

"ஜொன்ஜுச் சாப்பாடு எப்படித் தம்பி?" என்றோம்.

"நான் இன்னும் சாப்பிட்டதில்லை, மாமா. அங்கே பேர்பெற்ற கடைகளில் தனியாளுக்கு இலை போடமாட்டார்கள்" என்றான்.

இஃது எமக்கு வியப்பாயிருந்தது; பின்னர் விளங்கிற்று. கொரியருடைய முறைப்படியான சாப்பாடு பத்து, இருபது சிறு தட்டங்களாக மேசை நிறையப் பரப்பப்படுவது. அதனை ஒருவருக்கென ஆயத்தஞ் செய்தால் கடைக்காரருக்குக் கட்டாது. ஆகையால் "இருவர் முதல்" என்று விலைப்பட்டியலிலேயே எழுதி விடுகின்றனர். 2004ஆம் ஆண்டு இரு நாட்டரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொரிய மொழித் தேர்விலே தேறி அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்ற நம் நாட்டு இளைஞர் பல்லாயிரவர். அவர்களுள் எத்தனைபேர் அந்த இரண்டு சொற்களைப் படித்துவிட்டுத் திரும்பி நடந்திருப்பார்களோ! மருமகன் அதனை வருத்தமாகச் சொல்லவில்லை. ரயில் நேரஞ் சொல்வது போலச் சொன்னான். ஆதலின், இரண்டாமவராக நாமே செல்வதென்று முடிவு செய்தோம்.

சியோலின் யொங்சான் நிலையத்திலே கடுகதி ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஜொன்ஜுவை அடைந்துவிடலாம். வழி நெடுகிலும் அறுவடை முடிந்த நெல்வயல்கள். கிழக்கே மலை, மேற்கே வயலும் அதற்கப்பால் மீன் மலிந்த கடலும். இவை மூன்றும் ஓரிடத்திலே வந்து கூடும் சந்தையாக இவ்வூர் அமைந்தமையே அதன் அடுப்படிப் புகழுக்கு மூலகாரணம் என்பர். 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உணவுக்கலை நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஊர்க்காரர் அதனைப் பெரிதாகப் பேசக் காணோம். தெரிந்ததைத்தானே சொன்னார்கள் என்பது அவர்கள் எண்ணம் போலும்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றிலே, காலை ஏழு மணிக்கு, நம்பு சந்தை வாயிலில் மருமகன் எமக்காகக் காத்து நின்றான். பல் கிட்டும் குளிர். சந்தைக்குள்ளே சிறிய கடையொன்றில், 'கொங்னமுல் குக்பாப்' என்னும் சோயா முளைச் சூப்புச் சோற்றுக்கு அமர்ந்தோம். இது தனியாளுக்கும் கிடைக்கும் பண்டம், விலையும் குறைவு. ஆயினும் அதனை ஆக்கும் முறை பார்த்துக்கொண்டே இருக்கத்தக்கது. அடுப்படியிலே நின்ற மூதாட்டி, ஆறிய சோற்றைக் கிண்ணத்திலிட்டுக் கொதிக்கும் சாற்றை அதன்மேல் ஊற்றுகின்றாள், உடனே சாற்றை மாத்திரம் வடித்துப் பானைக்குள் விடுகின்றாள், மறுபடியும் ஊற்றுகின்றாள், மறுபடியும் வடிக்கின்றாள். இவ்வாறு சோறு குழையாமலே உள்ளும் புறமும் சூடேறுகின்றது. பின்னரே முளையும் பச்சை மிளகாயும் மேலே விழுகின்றன. அரைவேக்காட்டு முட்டை தனிக் கிண்ணத்தில் வரும். அதிலே சூப்பு இரண்டு மூன்று கரண்டி விட்டு, கடற்பாசித் தாளைக் கிழித்துப் போட்டு முதலிலே அதனை உண்ண வேண்டும். நாம் முட்டையைச் சோற்றுக்குள்ளே கவிழ்க்கப் போனபோது மூதாட்டி கரண்டியை உயர்த்தி ஏதோ கூறினாள். மொழி தெரியாவிடினும், கண்டிக்கப்பட்டோம் என்பது விளங்கிற்று.

கூடவே 'மோஜு' என்றொரு பானம். மக்கொல்லி எனப்படும் அரிசிக் கள்ளிலே கறுவா, இஞ்சி, உலர்ந்த இலந்தைப்பழம் முதலியவற்றை இட்டு நெடுநேரம் காய்ச்சுவார்கள். மதுசாரம் பெரும்பாலும் ஆவியாய்ப் போய்விடும். எஞ்சுவது நம் வீட்டுக் கொத்தமல்லிக் குடிநீருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க ஒரு சூடான சாறு.

சந்தையை அடுத்து நிற்பது புங்னம்முன் என்னும் பழைய கோட்டைவாயில். 1768இல் மீளக் கட்டப்பெற்றது. நான்கு வாயில்கள் இருந்தன, எஞ்சியது இவ்வொன்றே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, யப்பானியர் ஆதிக்கம் பரவிய காலத்தில், மதில் இடிக்கப்பட்டது. மதிலுக்கு வெளியே இருந்த யப்பானிய வணிகர் ஊருக்குள்ளே கடை பரப்பத் தொடங்கினர். அதனைக் கண்ட கொரியர், 1930ஆம் ஆண்டுகளையொட்டி, நகரின் கிழக்கே நெருக்கமாகத் தங்கள் முறை வீடுகளையே கட்டிக் குடியேறினர். கரிய ஓடு, வளைந்த தாழ்வாரம், தரைக்கடியிலே அடுப்புச் சூடு பாயும் அறை என்று அமைந்த அவ்வீடுகளை 'ஹனோக்' என்பர். அங்ஙனம் எழுந்த குடியிருப்பே இன்று ஏறத்தாழ எழுநூறு வீடுகளோடு உல்லாசப் பயணிகளை ஈர்க்கின்றது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று எண்ணி வருவோர் ஏமாறுவர். எமக்கோ அதன் இளமையே அதன் சிறப்பாகப் பட்டது. அவ்வீடுகள் ஒரு பிடிவாதத்தின் விளைவு. இக்காலத்திலே அதன் பெருந்தெருவில் பாலாடைக்கட்டியைக் குச்சியிற் குத்திச் சுட்டு விற்கும் கடைகள் மலிந்துவிட்டன என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். பக்கத்து ஒழுங்கைகளிலே நடப்பதே நன்று.

அத்தெருவின் தலைப்பிலே கியொங்கிஜொன் என்னும் அரச ஆலயம் உள்ளது. 1392இல் ஜொசொன் அரசவம்சத்தைத் தொடங்கிய யி சொங்-கே என்பாருடைய குலத்தின் பூர்வீக ஊர் ஜொன்ஜு. அவர்தம் உருவப்படத்தை வைத்துப் போற்றுதற்காக 1410இல் இவ்வாலயம் எழுந்தது. போரில் எரிந்து 1614இல் மீண்டும் எழுந்தது. நீல அங்கி தரித்து வீற்றிருக்கும் அப்படம், பழையதைப் பார்த்து 1872இல் வரையப்பெற்ற படி. படத்தைப் பார்க்கவே எல்லோரும் செல்கின்றனர். நாம் அதனைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, முற்றத்தின் ஒரு பக்கத்திலே தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் மரக் கட்டடத்தின் முன் நெடுநேரம் நின்றோம்.

அது சுவடிச்சாலை. இப்போதுள்ளது பிற்காலத்தில் மீளக் கட்டியது. ஜொசொன் அரசர் ஒவ்வொருவருடைய ஆட்சியும் அவர் இறந்தபின் எழுதப்பெற்று, நான்கு படிகளாக நான்கு ஊர்களில் வைக்கப்பட்டது. சியோல், சுங்ஜு, சொங்ஜு, ஜொன்ஜு என்பன அவ்வூர்கள். அரசரே விரும்பினாலும் அதனைப் பார்த்தல் முறையன்று. 1592இல் யப்பானிய அதிபதி ஹிதெயோஷியின் படைகள் கொரியாவிலே புகுந்தன. சில கிழமைகளுக்குள் மூன்று ஊர்ச் சுவடிகளும் எரிந்து சாம்பராயின. எஞ்சியது ஜொன்ஜுப் படி ஒன்றே. படைகள் அதனையும் நெருங்கின.

அப்பொழுது அயலூரைச் சேர்ந்த ஆன் உய், சொன் ஹொங்-ரொக் என்னும் இரு கல்விமான்கள் முன்வந்தனர். அவர்கள் படைவீரருமல்லர், இளைஞருமல்லர். ஒருவர் அறுபதையும், மற்றவர் ஐம்பதையும் கடந்தவர். சுவடிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஏவலாளர் துணையோடு தெற்கேயுள்ள நேஜங் மலைக்கு ஏறினர். மலைக்குகையிலும் ஏகாந்தமான துறவிமடத்திலும் அவற்றை ஒளித்து வைத்து, ஓராண்டுக்கு மேலாக முறைவைத்துக் காத்தனர். எந்த நாள் யார் காவல் இருந்தார் என்று நாட்குறிப்பும் எழுதி வைத்தனர். போர் ஓய்ந்தபின், 1603 முதல் 1606 வரையில், இந்த ஒரு படியிலிருந்தே புதிய படிகள் அச்சிடப்பட்டுப் புதிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. இம்முறை பெரும்பாலும் மலைகளுக்கே அனுப்பினர். 1392 முதல் 1863 வரை இடையறாது செல்லும் அவ்வரலாறு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்ந்தது. அவ்விருவரும் அன்று வீட்டிலிருந்திருந்தால் முதல் இருநூறு ஆண்டுகள் இல்லை. நூல்நிலையம் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். இதனை நமக்கு ஒருவர் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருமகன் அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டி எமக்கு வாசித்துக் காட்டினான். "ஆலைக்குள்ளே வாசிக்கிற சொற்கள் வேறு, மாமா. 'எச்சரிக்கை', 'கை வைக்காதே', இவைதான். இப்படி ஒன்றை இன்றைக்குத்தான் வாசிக்கிறேன்" என்றான்.

ஆலயத்துக்கு நேரெதிரே, வீதியின் மறுபக்கத்தில், செங்கல்லாலான ஜொன்டொங் தேவாலயம் நிற்கின்றது. 1791இல் யுன் ஜி-சுங் என்னும் கத்தோலிக்கர், தம் அன்னை இறந்தபோது முன்னோர் வழிபாட்டுச் சடங்கைச் செய்ய மறுத்தமைக்காக, மைத்துன உறவினராகிய குவொன் சங்-யொன் என்பாருடன் கோட்டைவாயிலுக்கு வெளியே கொல்லப்பட்டார். அவ்விடத்திலே 1908இல் தொடங்கி 1914இல் இத்தேவாலயம் எழுந்தது. இடிக்கப்பட்ட கோட்டை மதிலின் கற்களே இதற்கு அத்திவாரம். முன்னோரைப் போற்றும் ஆலயமும், போற்ற மறுத்து மாண்டவர் நினைவாலயமும் வீதியொன்றின் இரு பக்கத்திலும் இன்று அமைதியாக நிற்கின்றன. இரண்டு வாயிலிலும் ஒரே பிள்ளைகள் வாடகைப் பட்டாடை உடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர்.

நிற்க. பசி வந்துவிட்டது.

ஒழுங்கையொன்றின் உள்ளே, தாயும் மகளும் நடத்தும் சாப்பாட்டுக் கடை. "எத்தனை பேர்?" என்று மகள் கேட்டாள். "இரண்டு பேர்" என்று மருமகன் சற்று உரத்தே சொன்னான். ஜொன்ஜுவின் பெயர் சொல்லும் 'பிபிம்பாப்' பித்தளைக் கிண்ணத்தில் வருவது. சோற்றின்மேல் சோயா முளை, கீரை, கரட், காளான், பயற்றுமாவிற் செய்த மஞ்சள் களி, முட்டை மஞ்சட்கரு, மிளகாய்க் கூழ், எள்ளெண்ணெய் என நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். அத்தனையையும் கலந்து உண்ணவேண்டும். ஆனால், வழக்கமாக அதன்மேல் பச்சை மாட்டிறைச்சியும் வைப்பார்கள். நாமோ அதனை உண்ணாத வீட்டிற் பிறந்தவர்கள். "மாட்டிறைச்சி வேண்டாம்" என்று மருமகன் கொரிய மொழியிலே தெளிவாகச் சொன்னான். மகள் தலையசைத்துச் சென்றாள். சென்றவள் தாயோடு திரும்பி வந்தாள். இறைச்சியை விலக்கலாம், ஆனால் சோற்றையே மாட்டெலும்புச் சாற்றிலன்றோ வேகவைப்பது! அதுவே ஜொன்ஜு முறை. மறைத்து விட்டிருந்தால் நாம் அறிந்திருக்கமாட்டோம். அந்த அம்மையார் அதனை வந்து சொன்னார். எழுந்து போவதா என்று நாம் தயங்கியபோது, தங்கள் வீட்டுக்கென்று தண்ணீரில் வடித்த சோறு இருப்பதாகக் கூறி, அதனையே கிண்ணத்திலிட்டுக் கொணர்ந்தார்.

மிளகாய்க் கூழின் பெயர் 'கொச்சுஜங்'. மிளகாயை அவர்கள் 'கொச்சு' என்கின்றனர். கொழும்பிலும் கிழக்கிலும் கொச்சிக்காய் என்று வளர்ந்தவர்களுக்கு இது காதில் இனிக்கும். இரண்டும் ஒன்றே என்று கட்டுரை எழுத முற்படும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க. அவர்கள் சொல் சீன எழுத்தின்வழி வந்தது. நம்முடையது கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுவது. உறவு சொல்லில் இல்லை, காயில் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்ட ஒரே செடி இரு நாட்டு அடுப்படிகளையும் பிடித்துக்கொண்டது.

பெரியவர் கரண்டியை எடுக்குமுன் இளையவர் எடுத்தல் கொரியரிடத்தே மரியாதையன்று. மருமகன் கையைக் கட்டிக்கொண்டு எம்மைப் பார்த்திருந்தான். மூன்றாண்டில் அவனுக்கு இது படிந்துவிட்டது. அம்மையார் அதனைக் கவனித்து அவனிடம் ஊர், தொழில், தாய் தந்தையர் என்று விசாரித்தார். அவன் மறுமொழி சொல்லச் சொல்ல, தீர்ந்த தட்டங்கள் கேளாமலே மீண்டும் நிரம்பின. புறப்படும்போது, "தனியாக வருவதானால் பன்னிரண்டு மணிக்கு வராதே, இரண்டரைக்கு வா. அப்போதுதான் நாங்கள் சாப்பிடுகிறோம்" என்று அவர் சொன்னதாக மருமகன் மொழிபெயர்த்தான்.

மாலையிலே பன்சொரி கேட்டோம். விசிறி ஏந்திய ஒரு பாடகி, முரசுடன் ஒருவர், அவ்வளவே. முழுக்கதையையும் பாட எட்டு மணி நேரமும் செல்லுமாம்; நாம் கேட்டது ஒரு பகுதி. இனிய குரலை அவர்கள் வேண்டுவதில்லை. கரகரத்துக் கனிந்த குரலையே வேண்டுகின்றனர். கேட்போர் சும்மா இருத்தல் தகாது, இடையிடையே "நன்று!" என்று குரல் கொடுக்கவேண்டும். முதற் பாதியிலே வாயடைத்திருந்த மருமகன், இரண்டாம் பாதியிலே ஒரே ஒருமுறை, சரியான இடத்திலோ தவறான இடத்திலோ, "ஜொத்தா!" என்று கூவிவிட்டான். முரசுக்காரர் அவன் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

இரவு பஸ்ஸிலே அவனை ஏற்றிவிட்டு நாம் சியோல் திரும்பினோம். ஊர் வந்து சேர்ந்த மூன்றாங் கிழமை அவனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டரை மணிக்குப் போயிருக்கின்றான். அன்று பித்தளைக் கிண்ணம் இல்லையாம். வீட்டுச் சோறும், மீன் குழம்பும், பதினொரு தட்டமுமாம்.