பச்சைப் புள்ளி இருக்கிறது. சர்க்கரைக்கு அடையாளம் எங்கே?

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கும் மிளகுக்கும் உள்ள உறவு பல நூற்றாண்டுப் பழமையானது. மிளகின் தரத்தைக் குறிக்க, 1937-ம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அக்மார்க் முத்திரை உண்டு. 'மலபார் கார்பிள்டு' என்ற தரப் பெயரைக் கண்டால், அது தூசு தும்பு நீக்கிய மிளகு என்பதை மொத்த வியாபாரி அறிந்துகொள்வார். அதே பகுதியில் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வாங்கும் மாணவருக்கோ இத்தகைய தெளிவு கிடைப்பதில்லை.

பொட்டலத்தில் விவரம் இல்லாமலில்லை. ஆனால், உப்பின் அளவு 'சோடியம்' என்ற பெயரில் மில்லிகிராமில் தரப்படுகிறது. 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு அதற்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கைக் கடை வாசலில் எத்தனை பேர் போடுவார்கள்? மேலும், ஆங்கிலம் அல்லது ஹிந்தியில் அச்சிட்டாலே விதி நிறைவேறிவிடுகிறது. மாநில மொழி கட்டாயமில்லை. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி பேசுவோர் அருகருகே வாழும் மட்டாஞ்சேரியில் இதன் குறை எளிதில் புலப்படும்.

இளைஞர்களுக்கு அக்கறையில்லை என்று பழி சுமத்துவது சரியல்ல. 2001-ல் கட்டாயமாக்கப்பட்ட சைவ, அசைவ அடையாளங்களைப் புரிந்துகொள்ள இன்று எவருக்கும் பாடம் தேவைப்படுவதில்லை. எளிய அடையாளத்தை மக்கள் பயன்படுத்துவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அத்தகைய அடையாளத்தைத் தருவதில்தான் தயக்கம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் வழங்க முற்பட்டது. நட்சத்திரம் பாராட்டின் சின்னம். கேடு தரும் பண்டத்துக்கும் அரை நட்சத்திரமாவது கிடைத்துவிடும். சிலி நாடு 2016-ல் 'சர்க்கரை அதிகம்', 'சோடியம் அதிகம்' எனக் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைப் பொட்டலத்தின் முகப்பிலேயே பொறிக்கச் செய்தது. சிறுவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் கட்டுப்படுத்தியது. அதன்பின் அங்கு சர்க்கரை மிகுந்த பானங்களின் கொள்முதல் சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. முகப்பு எச்சரிக்கை கோரும் பொதுநல வழக்கில், மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை அளிக்குமாறு நிபுணர் குழுவுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. பின்னர் அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 2016-ல் 14.5 சதவீத வரி விதித்தது கேரளம். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வழி அடைபட்டது. பொட்டலத்தில் என்ன அச்சிட வேண்டும் என்பதை முடிவு செய்வதும் மத்திய ஆணையமே. அதிகாரத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் மத்திய அரசு பொறுப்பையும் ஏற்க வேண்டும். முகப்பில் எச்சரிக்கைச் சின்னமும் மாநில மொழியில் வாசகமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். மிளகு வாங்கும் வியாபாரிக்குக் கிடைக்கும் தெளிவு, உண்ணப் போகும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டாமா?