குறையை முதல் வரியில போடுங்க மக்களே

செமஸ்டர் முடியப் போகுது. ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்பைத் திறந்தா சைக்கிள், கெட்டில், டிராஃப்டர், லேப் கோட்னு ஒரே விற்பனைதான். எல்லாப் போட்டோவுக்கும் கீழ ஒரே வசனம்: "குட் கண்டிஷன், சீரியஸ் பையர்ஸ் ஒன்லி." இந்த "குட் கண்டிஷன்" பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, நானே ஒரு தடவை அதுல தப்பு பண்ணினவன்.

போன வருஷம் நாங்க நாலு பேர் ஏற்காடு பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்ல கார் கேம்ப்பிங் போகத் திட்டம் போட்டோம். கார் நண்பனோட அப்பாவுது. டென்ட் மட்டும் இல்ல. ஃபைனல் இயர் அண்ணா ஒருத்தர் தன்னோட பழைய டென்ட்டை 1,800 ரூபாய்க்குத் தர்றேன்னார். நாங்க காசை எடுக்கறதுக்குள்ள, "இருங்கடா, மொட்டை மாடிக்கு வாங்க"ன்னு கூட்டிட்டுப் போய், டென்ட்டை விரிச்சுக் கட்டி, மேல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினார். இடது மூலையில தையல் வழியா சொட்டுச் சொட்டா இறங்குச்சு. "இங்க ஒழுகும். சீம் சீலர் ஒரு டியூப் வாங்கித் தடவிக் காய வை. ஜிப் பாதியில மாட்டும், மெழுகுவத்தி தேய்ச்சா ஓடும். ஒரு கம்பி வளைஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டு, அவராவே 300 ரூபாய் குறைச்சுக்கிட்டார். நாங்க பேரமே பேசல. ஏற்காட்டுல அன்னைக்கு ராத்திரி நல்ல மழை. உள்ள ஒரு சொட்டு வரல. எங்க ஒழுகும்னு முன்னாடியே தெரிஞ்சதால அடைச்சிட்டுப் போயிருந்தோம்.

அதே ட்ரிப்புக்குக் காசு சேர்க்க நான் ஒரு கூலிங் கிளாஸ் வித்தேன். அத்தை பையன் கொடுத்தது. பெரிய பிராண்ட் பேரு, அழகான டப்பா, பில் மட்டும் கிடையாது. லென்ஸ் ஓரத்துல இருந்த எழுத்து நகத்துல சுரண்டினா உதிர்ந்துச்சு. எனக்கு அப்பவே லேசா சந்தேகம். இருந்தும் குரூப்ல "ஒரிஜினல், 2,500"ன்னு போட்டேன். ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் வாங்கிக்கிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு ஸ்க்ரூ மாத்த ஆப்டிகல்ஸ் கடைக்குப் போயிருக்கான். கடைக்காரர் பாத்ததுமே டூப்ளிகேட்னு சொல்லி, மீட்டர்ல வச்சும் காட்டியிருக்கார். புற ஊதாக் கதிரை அந்த லென்ஸ் பெருசா தடுக்கவே இல்ல. தம்பி வந்து சண்டை போடல. "அண்ணா, நீங்க சொன்னீங்கன்னுதான் பில் கூடக் கேக்கல"ன்னான். சண்டை போட்டிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு. ரெண்டு தவணையில பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கண்ணாடிதானே, இதுல என்ன இருக்கு"ன்னு நினைக்காதீங்க. கறுப்பு லென்ஸ் போட்டா வெளிச்சம் குறையும், அதனால கண்ணோட பாப்பா விரியும். லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்கலைன்னா, விரிஞ்ச பாப்பா வழியா அது இன்னும் அதிகமா உள்ள போகும். வெறும் கண்ணோட வெயில்ல போனா கண்ணு தானா சுருங்கிக் கொஞ்சமாவது காப்பாத்திக்கும். நான் வித்தது அந்தக் காப்பையும் எடுத்துட்டது.

இதுல பிராண்ட் விஷயம் ஒண்ணு. ரே-பான் 1937-ல பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனி விமானிகளுக்கான கண்ணாடியா கொண்டு வந்தது. 1999-ல இத்தாலியோட லக்சாட்டிகா அதை வாங்குச்சு. பிராடா, ஷனெல் பேர்ல வர்ற கண்ணாடிகளையும் லைசென்ஸ் வாங்கிச் செய்யறது அதே கம்பெனிதான். புற ஊதாக் கதிரை 400 நானோமீட்டர் வரைக்கும் தடுக்கறது நல்ல சாதாரணக் கண்ணாடியிலயும் கிடைக்கும். அப்போ லக்சரி கண்ணாடிக்கு நாம கொடுக்கற கூடுதல் காசுல பெரும்பங்கு பேருக்குத்தான். அந்தப் பேரே பொய்யின்னா, நான் அந்தத் தம்பிக்கு என்னத்தை வித்தேன்?

1970-ல ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல அவருக்கு நோபல் கிடைச்சது. விஷயம் எளிமையானது. வண்டியோட குறை விக்கிறவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா வண்டிக்கும் விலையைக் குறைச்சே கேப்பான். நல்ல வண்டி வச்சிருக்கவன் கட்டுப்படி ஆகாம சந்தையை விட்டே போயிடுவான். கடைசியில ஓட்டை வண்டிதான் மிஞ்சும். நம்ம குரூப்லயும் இதேதான். நான் போட்ட ஒரு "ஒரிஜினல்", அடுத்து நிஜமாவே ஒரிஜினல் விக்கப் போறவனோட விலையையும் குறைச்சிருக்கு.

"வாங்குறவன் பாத்து வாங்கணும்"னு சிலர் சொல்வாங்க. சட்டத்துலயே அப்படி ஒரு கொள்கை இருக்குதான். ஆனா அதே 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், சொல்லி விக்கிற பொருள் சொன்ன மாதிரியே இருக்கணும்னும் சொல்லுது. "ஒரிஜினல்"னு டைப் பண்ணினா அது பந்தா இல்ல, வாக்கு. அதுக்காக 2,500 ரூபாய்க்கு எந்தத் தம்பியும் கோர்ட்டுக்குப் போக மாட்டான். பில் இல்லாத, வாரன்டி இல்லாத நம்ம சந்தையில விக்கிறவன் வாய்ச்சொல்தான் வாரன்டி. அதனால பாத்துக்கற பொறுப்பு முதல்ல விக்கிறவனுக்குத்தான்னு நான் சொல்றேன்.

அதனால என் கோரிக்கை இதுதான். விளம்பரத்தோட முதல் வரியில குறையைப் போடுங்க. கண்ணாடின்னா கீறல் எங்க, பில் இருக்கா, இல்லையா. ஒரிஜினலான்னு தெரியலைன்னா "தெரியல"ன்னே எழுதுங்க. விக்கறதுக்கு முன்னாடி ஆப்டிகல்ஸ்ல மீட்டர்ல ஒரு தடவை வச்சுப் பாருங்க, தடுக்கலைன்னா விக்காதீங்க. டென்ட்னா விரிச்சுக் காட்டித் தண்ணி ஊத்துங்க. கேம்ப்பிங் ஸ்டவ்னா குழாய், வால்வு எல்லாம் சோப்புத் தண்ணி தடவிக் காட்டுங்க, முட்டை விட்டா கேஸ் கசியுதுன்னு அர்த்தம். டென்ட்டுக்குள்ளயோ கண்ணாடி ஏத்தின காருக்குள்ளயோ அதைப் பத்த வைக்கக் கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குறவன் எழுந்திரிக்கவே மாட்டான். வாங்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: பொருளைக் கையில பாக்காம பணம் அனுப்பாதீங்க.

குறையைச் சொன்னா விலை போகாதேன்னு பயமா இருக்கும். கொஞ்சம் குறையும், உண்மைதான். எங்க அண்ணாவுக்கு 300 ரூபாய் குறைஞ்சது. ஆனா அவர் அடுத்து எதை வித்தாலும் நான் கண்ணை மூடிட்டு வாங்குவேன்.

அந்த டென்ட்டை இந்த வாரம் நான் விக்கிறேன். விளம்பரம் இதுதான்: "மூணு கை மாறினது. இடது மூலை தையல் ஒட்டுப் போட்டது. ஜிப்புக்கு மெழுகுவத்தி வேணும். கம்பி ஒண்ணு வளைஞ்சது. 1,200 ரூபாய். சாயங்காலம் மொட்டை மாடிக்கு வாங்க, பக்கெட் நான் கொண்டு வர்றேன்."