நெல்லிக்கனிக்குள் அடைபட்ட தகடூர்

தருமபுரிப் பக்கம் எந்த விழா மேடையானாலும் அதியமான் வராமல் இருக்கமாட்டார். கையில் நெல்லிக்கனி, எதிரே கோலூன்றிய கிழவியாக ஔவை. கைதட்டல் வாங்கியதும் பேச்சாளர் உட்கார்ந்துவிடுவார். கேட்டவர்களுக்கு மிஞ்சுவது ஒரே எண்ணம்: அதியமான் ஒரு சின்ன மலைநாட்டுத் தலைவன், வாரிக் கொடுத்தவன், சேரன் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, நொறுக்கியதோடு அவன் குலமும் ஒழிந்தது. பள்ளிப் பாடம் ஊன்றி, மேடை நீர் ஊற்றி வளர்த்த இந்த எண்ணம் பெரும்பகுதி தவறு.

அசோகனிலிருந்து தொடங்குவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில், தன் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டு அரசுகளை அவன் அடுக்குகிறான். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்றும் ஒரு பெயர். யார் அந்தச் சத்தியபுத்திரர்? அறிஞர்கள் பல காலம் சண்டை போட்டார்கள். துளு நாடு என்றார் ஒருவர், கோசர் என்றார் இன்னொருவர். 1981இல் திருக்கோவலூருக்குப் பக்கத்து ஜம்பையில், சமணர் படுக்கை இருந்த குகையில் ஒரே ஒரு வரி தமிழி எழுத்து கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' நெல்லிக்கனி அதியமானாகிய நெடுமான் அஞ்சி கொடுத்த சமணப் பள்ளி என்பது செய்தி. அசோகன் வாயில் வந்த அதே பட்டம் அவன் பெயருக்கு முன்னால் நிற்கிறது. வழக்கு முடிந்தது.

இதைக் கேட்டதும் சிலர் அடுத்த கோடிக்குத் தாவி, "அசோகன் கல்வெட்டிலேயே அஞ்சி பெயர் இருக்கிறது" என்று முழங்குகிறார்கள். இல்லை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணிப்பில் ஜம்பை எழுத்து கி.பி. முதல் நூற்றாண்டு. அசோகனுக்கும் அஞ்சிக்கும் இடையே மூன்று நூற்றாண்டு ஓடியிருக்கிறது. அசோகன் குறித்தது குலத்தை. அந்த இடைவெளிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: மூவேந்தரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்ட குடி, முந்நூறு ஆண்டு கழித்தும் அதே பட்டத்தோடு அரசு நடத்தியிருக்கிறது. அதைக் 'குறுநிலம்' என்று ஒதுக்கியது பின்னால் வந்த நம் பழக்கம்.

ஜம்பை எங்கே, தகடூர் எங்கே? தகடூர்ப் பக்கத்து அரூர் வட்டத்தைத் தொட்டு ஓடும் தென்பெண்ணைதான் கீழே இறங்கித் திருக்கோவலூரைத் தொடுகிறது. அஞ்சி எழுவரோடு பொருது வென்றதையும் கோவலூரை அழித்ததையும் பரணர் பாடியதையும் ஔவையே புறநானூற்றில் சொல்கிறார். ஆற்றின் கீழ்க்கரை வரை கை நீட்டி, அங்கே பள்ளியும் கொடுத்தவன், கனி கொடுத்த வள்ளல் மட்டும்தானா?

ஔவையையும் கெடுத்தாயிற்று. 1953இல் வந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளைப் பார்த்த கண்ணுக்கு வேறு ஔவை தெரிவதில்லை. அஞ்சியின் ஔவை, ஆத்திசூடி பாடியவருக்குப் பல நூற்றாண்டு மூத்தவர். அணி பூண்ட விறலி. தொண்டைமானிடம் தூது போய், உன் படைக்கலம் பீலி சூடி நெய் பூசிக் காவல் வீட்டில் பளபளக்கிறது, எங்களதோ நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று புகழ்வதுபோல் குத்தியவர். அஞ்சி இறந்தபின் பாடிய கையறுநிலையில், கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் குடித்து மகிழ்வான் என்று நினைத்து அழுகிறார். கள்ளை மேடையேற்ற முடியாது, பாவம், நெல்லிக்கனி வசதி.

குலம் ஒழிந்ததா? பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தது உண்மை. வென்றவனுக்கு அரிசில்கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து கையில் இருக்கிறது. அந்தப் போரைச் சொன்ன 'தகடூர் யாத்திரை' உதிரிப் பாட்டுகளாகத்தான் மிஞ்சியது. அதனால் கதை சேரன் வெற்றியோடு நின்றதுபோல் தோன்றுகிறது. ஆனால் 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர்க் களங்களில் அதியனைத் தோற்கடித்ததாகச் செப்பேடு பேசுகிறது. செத்த குலத்தோடு யார் மூன்று களத்தில் மோதுவார்? தகடூரில் நுளம்பர் கை ஓங்கிய காலமும் உண்டு. அதற்குப் பிறகும் 12ஆம் நூற்றாண்டில், சோழருக்காகத் தலைக்காட்டைக் காத்து நின்ற அதியமானை வென்றுதான் போசளத் தளபதி கங்கராஜன் அதைப் பிடித்தான்.

"இவர்களெல்லாம் அடங்கி வாழ்ந்த சிற்றரசர்கள்தானே" என்பார்கள். ஆமாம். சங்க காலத்துக்கும் விசயாலயனுக்கும் நடுவே சோழர்களும் இருந்த இடம் தெரியாமல்தான் இருந்தார்கள். அவர்கள் குலம் அழிந்ததாக எந்தப் பாடநூலும் எழுதவில்லையே. சோழனுக்கு ஒரு நியாயம், அதியனுக்கு ஒரு நியாயமா?

குலம் தொடர்ந்ததற்கு இன்னொரு சான்று, போளூர் அருகே திருமலைச் சமணக் குன்றில் இருக்கும் அதியர் தலைவர் விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவர். எழினி என்ற முன்னோர் வைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்துத் திரும்ப நிறுவியதாகச் சொல்கிறார். தம்மைத் தகடூர்த் தலைவர் என்கிறார். ஆனால் சேர வமிசம் என்கிறார். ஊரை எறிந்த சேரனோடு உறவு எப்போது ஒட்டியது என்பது ஆராய வேண்டிய கேள்வி. அதியர் பெயரை நேரில் பார்க்க, நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிடப் போகும் தருமபுரிக்காரர்கள் மலையின் மறுபக்கம் அரங்கநாதர் குடைவரைக்கும் ஒரு எட்டு போகலாம். அதன் பெயர் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று அங்கேயே கல்லில் வெட்டியிருக்கிறது.